பழவேற்காடு: காடும் பாடும்

பூந்தமல்லி பக்கம் திருவேற்காடு போயிருப்பீங்க. அந்தப் பேரில் இருக்கிற 'வேற்காடு' வேற ஒண்ணும் இல்லை, வேல மரக் காடு. வேல் + காடு = வேற்காடு. பத்தாம் வகுப்பில் மனப்பாடம் பண்ணி மறந்துபோன புணர்ச்சி விதி. அதே விதிப்படி பழவேற்காடு என்றால் பழைய வேல மரக் காடு. (வேறு விளக்கங்களும் சொல்கிறார்கள். இலக்கணத்தோடு ஒத்துப்போவதால் எனக்கு இதுதான் பிடிச்சிருக்கு.) டச்சுக்காரர்கள் வாயில் அது 'பலியக்காட்' ஆச்சு, ஆங்கிலேயர்கள் வாயில் 'புலிகாட்' ஆச்சு. நியாயமாப் பார்த்தா அங்கே புலியும் கிடையாது, கேட்டும் கிடையாது. சரி, மீன் வாசனைக்குப் பூனைகள் நிறைய உண்டு :)

பேரில் காடு இருக்கு, ஊரில் இருக்கா? இதைப் பார்க்கத்தான் செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை முழுக்க அந்த ஊரைக் காலால் அளந்தோம். 'தோம்' என்றால் நானும் என் ரூம்மேட்டும். அவனுக்குச் சொந்த ஊரே அதுதான். பட்டினவர் குடும்பம். அப்பா இன்னும் ஏரியில் வலை போடுகிறார், பையன் எங்கள் ஆபீஸில் டெஸ்டிங் டீமில் பக் போடுகிறான். பேரைச் சொன்னா உதைப்பான், அதனால் 'மச்சான்' என்றே வைத்துக்கொள்வோம். வர்ற தை மாசம் அவனுக்குக் கல்யாணம். அந்தக் கல்யாணத்தை ஒட்டி அவன் வீட்டில் ஒரு பஞ்சாயத்து ஓடிக்கிட்டிருக்கு. அது கடைசியில் வரும். உண்மையில் அதுக்காகத்தான் இந்தப் பதிவே.

முதலில் கொஞ்சம் கொசுவர்த்தி சுத்திக்கிறேன்.

போன வருஷம் ஆறு மாசம் ஆன்சைட்டில் எடின்பரோவில் இருந்தேன். மலைமேல் உட்கார்ந்திருக்கிற பழைய ஊர். எரிமலைப் பாறை மேல் கோட்டை, ஒரு பக்கம் கால்ட்டன் குன்று, இன்னொரு பக்கம் 251 மீட்டர் உயரத்துக்கு ஆர்தர்ஸ் சீட். கார் கிடையாது, கையில் காசும் கணக்குதான். அதனால் சனி ஞாயிறு என்றால் நடை. கால்ட்டன் குன்றை 1724-லேயே நகரசபை விலைக்கு வாங்கி மக்களுக்கு விட்டுவிட்டதாம். பிரிட்டனின் ஆரம்பகாலப் பொதுப் பூங்காக்களில் அதுவும் ஒன்று. கோட்டைக்குக் கீழே பள்ளத்தில் நீளமாக பிரின்சஸ் ஸ்ட்ரீட் தோட்டம். புல்தரையில் படுத்துக்கொண்டு கோட்டையைப் பார்த்தபடி சாண்ட்விச் சாப்பிடலாம். மழை விட்டால்.

அந்தத் தோட்டத்தின் கதை எனக்கு மறக்கவே மாட்டேங்குது. அது முன்னாடி ஒரு ஏரி. 15-ம் நூற்றாண்டில் கோட்டைக்குக் காவலாகத் தண்ணீரைத் தேக்கி உண்டாக்கிய 'நார் லாக்'. பிறகு மேலே இருந்த பழைய ஊரின் சாக்கடையெல்லாம் அதில்தான் இறங்கியது. 1759-ல் வடிக்க ஆரம்பித்து, 1820 வாக்கில் மொத்தமாக வற்றவைத்துத் தோட்டம் ஆக்கினார்கள். நடுவில் மண்ணைக் கொட்டி மேடு போட்டார்கள். ஒரு ஓரத்தில் ரயில்வே ஸ்டேஷனும் வந்தது. மேற்குப் பக்கத் தோட்டம் 1876 வரை எதிர்த்தெரு வீட்டுக்காரர்களுக்கு மட்டும்தான், ஊருக்குக் கிடையாது. பக்கத்தில் குவீன் ஸ்ட்ரீட் தோட்டம் இன்னைக்கும் அப்படித்தான். இரும்புக் கம்பி வேலி, கேட், பூட்டு. சுற்றியுள்ள வீட்டுக்காரர்களில் சந்தா கட்டுகிறவர்கள் கையில் சாவி. நான் கம்பிக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்துவிட்டு வந்தேன்.

இதை ஊருக்குத் திரும்பியதும் மச்சானிடம் சொன்னேன். அவன் தோசையிலிருந்து தலையைத் தூக்காமலேயே சொன்னான்:

"எங்க ஊர்லயும் அப்படித்தான்டா. கேட் மட்டும் தண்ணிக்குள்ள இருக்கு."

இதுக்கு மேல் போகாமல் இருக்க முடியுமா?

சென்ட்ரல் பக்கத்து மூர் மார்க்கெட் ஸ்டேஷனில் கும்மிடிப்பூண்டி லோக்கல், பொன்னேரியில் இறங்கி பஸ். பஸ்ஸில் கூடைக்கார அம்மாக்கள், காலி ஐஸ் பெட்டிகள், நாங்கள். ஊர் நெருங்க நெருங்க வயல் முடிந்து, வெள்ளை பூத்த தரை, அப்புறம் திடீரென்று தண்ணீர். சிலிக்காவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. பெரும்பகுதி ஆந்திராவில், தெற்கு முனை மட்டும் நம்மிடம். கடலுக்கும் ஏரிக்கும் நடுவே ஸ்ரீஹரிகோட்டா தீவு. பூநாரைக்காக வருகிறவர்கள் குளிர்காலத்தில் வருவார்கள். "இப்ப வந்தா நாரைக்கு பதிலா என்னைத்தான் பாக்கணும்" என்றான் மச்சான். படகுச் சவாரியும் எங்கள் திட்டத்தில் இல்லை. 2011 டிசம்பர் 25 அன்று இங்கே படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதுக்கப்புறம் சுற்றுலாப் படகுகளுக்குத் தடை போட்டார்கள். ஆக, நடை.

முதல் பச்சை: கோட்டை. 1613-ல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி கட்டிய ஜெல்ட்ரியா கோட்டை. சோழமண்டலக் கரையில் அவர்களின் தலைமையிடம் 1690 வரை இதுதான், அப்புறம்தான் நாகப்பட்டினம். வெடிமருந்து செய்தார்கள், காசு அடித்தார்கள், துணி வாங்கினார்கள். அடிமைகளாக மனிதர்களையும் இங்கிருந்து பத்தாவியாவுக்குக் கப்பலேற்றினார்கள். 19-ம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் ஆங்கிலேயர்கள் கோட்டையை இடித்தார்கள். 1825-ல் ஊரும் அவர்கள் கைக்குப் போனது.

இப்ப போய் நின்னா கோட்டை தெரியாது. அகழி தெரியும், அதுக்கு அந்தப் பக்கம் ஒரு முள்ளுக்காடு தெரியும். பேருக்கேத்த வேல மரக் காடுதான்! ஆனால் இது சீமைக் கருவேலம். அமெரிக்கக் கண்டத்துச் செடி. 1870-களில் விறகுக்காகவும் வேலிக்காகவும் இந்தியாவுக்குக் கொண்டு வந்தார்கள். பழைய வேல மரக் காடு போன இடத்தில் அதே வீட்டுப் பேரோடு ஒரு சீமைக்காரர் வந்து உட்கார்ந்திருக்கிறார். கோட்டையைக் கட்டினதும் வெளியாள், கோட்டையை மூடினதும் வெளியாள்.

2017-ல் சீமைக் கருவேலத்தை வெட்டச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டதும், தமிழ்நாடு முழுக்க ஜேசிபியோடு கிளம்பினதும் ஞாபகம் இருக்கும். 2022-ல் அரசு அந்நியத் தாவரங்களை அகற்றத் தனிக் கொள்கையே வெளியிட்டது. வெட்ட வேண்டியதுதான், சந்தேகமில்லை. ஆனால் நாங்கள் நின்ற நேரத்தில் ஒரு பாட்டி அந்தக் காட்டு ஓரத்திலிருந்து ஒரு கட்டு விறகோடு வெளியே வந்தார். மச்சானை அடையாளம் கண்டு, "யார்றா கூட? பாம்பு கீது, உள்ள கூட்டினு போவாதே" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினார். இந்தக் காட்டுக்கும் ஒரு ஆள் இருக்கு என்று குறித்துக்கொண்டேன்.

அருகிலேயே டச்சுக் கல்லறை. வாசல் கல்லில் இரண்டு எலும்புக்கூடுகள் செதுக்கி வைத்திருக்கிறார்கள். நம்ம ஊர்க் கோயில் துவாரபாலகர் மாதிரி. உள்ளே 17-ம் நூற்றாண்டுக் கல்லறைகள், ஒவ்வொன்றும் ஒரு சின்ன மண்டபம் அளவுக்கு. தொல்லியல் துறை பலகை, சுற்றுச்சுவர், வெட்டிய புல். ஊரிலேயே 'தோட்டம்' என்று சொல்லக்கூடிய மாதிரி ஒழுங்கான பச்சை இங்கேதான். இங்கே பூட்டும் சாவியும் உண்டு. காவலர் வந்து திறந்துவிட்டார். டச்சுக்காரர்கள் வாழ்ந்த இடம் முள்ளுக்காடாகி, செத்த இடம் தோட்டமாக இருக்கு. வாழ்ந்த இடத்துக்கு ஆள் இல்லை, செத்த இடத்துக்கு மாதச் சம்பளத்துக்கு ஆள் இருக்கு. விஷயம் அவ்வளவுதான்.

இவ்வளவு தூரம் அவர்கள் வந்ததற்கும் பாதிக் காரணம் ஒரு செடி. சாயவேர். இம்பூறல் என்றும் சொல்வார்கள். மணலில் தானாக முளைக்கிற, கண்ணிலேயே படாத பூண்டு. அதன் வேரில் இருந்து எடுத்த சிவப்புச் சாயம்தான் சோழமண்டலத் துணிக்குப் பேர் வாங்கித் தந்தது. கிளிஞ்சல் சுண்ணாம்பு கலந்த கடற்கரை மண்ணில் வளர்ந்த வேரின் சிவப்புக்குத் தனி மவுசு. அந்தத் துணியைக் கொண்டுபோய் இந்தோனேசியத் தீவுகளில் கொடுத்தால்தான் அங்கே ஜாதிக்காயும் கிராம்பும் கிடைக்கும். சும்மா மணலில் கிடந்த ஒரு களைச்செடிக்கு அவ்வளவு மதிப்பு. ரோட்டோரத்தில் தேடிப் பார்த்தேன். நாலைந்து பூண்டுகளைக் காட்டி "இதுவா, இதுவா" என்று கேட்டேன். மச்சானுக்குத் தெரியலை. "கூகுள்ல போட்டோ பாத்துட்டு வந்திருக்கலாம்ல" என்றான்.

முஸ்லிம் தெருக்கள் வழியாக நடந்தால், திண்ணையில் பெண்கள் பனை ஓலையில் கூடையும் டப்பாவும் பின்னுகிறார்கள். சாயம் ஏற்றிய ஓலை, விரல் போகிற வேகம் கண்ணுக்குப் பிடிபடாது. ஒரு அக்காவிடம் சின்ன மூடி போட்ட டப்பா ஒன்று வாங்கினேன். "ஓலை எங்கிருந்துக்கா வருது?" என்றால், "பனை இருக்கிற வரைக்கும் வரும் தம்பி" என்றார். பதில் மாதிரியும் இருந்தது, எச்சரிக்கை மாதிரியும் இருந்தது. சின்னப் பள்ளிவாசலில் ஒரு சூரியக் கடிகாரம் இருக்கு. நிழலை வைத்து மணி பார்க்கிறது. என் மொபைலோடு ஒத்துப் பார்த்தேன், பெரிசா வித்தியாசமில்லை. பேட்டரியும் மாத்த வேண்டாம்.

அப்புறம் பாலத்தைத் தாண்டி லைட் ஹவுஸ் குப்பம். இந்தப் பக்கம் ஏரி, அந்தப் பக்கம் கடல், நடுவில் மணல். இங்கே பச்சை என்றால் சவுக்கு. அதுவும் இந்த மண்ணின் மரமில்லை. 19-ம் நூற்றாண்டில் ரயில் எஞ்சினுக்கு விறகு வேண்டும் என்று இந்தக் கடற்கரை நெடுக நட்டது, 2004 சுனாமிக்கு அப்புறம் அலைத்தடுப்பு என்று மறுபடி நிறைய நட்டது. நிழல் தருது, காத்தடிச்சா ஹோ-ன்னு ஒரு சத்தம். குறை சொல்ல மனசு வரலை. ஆனால் அதைத் தாண்டி மணல்மேட்டில் இறங்கினால்தான் ஊரின் சொந்தப் பச்சை வருது: ஆட்டுக்கால் இலையோடு ஊதாப் பூ பூத்துப் படர்கிற அடம்பங்கொடி, முள்ளு உருண்டையாகக் காற்றில் ஓடுகிற ராவணன் மீசை. இரண்டும் மணலைப் பிடித்து வைக்கிற செடிகள். யாரும் நடவில்லை, யாரும் தண்ணி ஊத்தலை. மச்சான் குனிந்து ஒரு கொடியை இழுத்துக் காட்டினான். இழுக்க இழுக்க வருது, பத்தடிக்கு மேலே. "இதைப் பிச்சுட்டா மேடு போயிடும்னு தாத்தா அடிப்பாரு" என்றான்.

மணல் என்றதும் ஒரு விஷயம் சொல்லணும். நம் கிழக்குக் கரையில் கடல், மணலைத் தெற்கிலிருந்து வடக்காகத் தள்ளிக்கொண்டே போகும். குறுக்கே கல்லைக் கொட்டித் துறைமுகச் சுவர் கட்டினால், தெற்குப் பக்கம் மணல் சேரும், வடக்குப் பக்கம் கரை அரிக்கும். நாம் பெருமையாகச் சொல்கிற மெரினா அப்படிச் சேர்ந்த மணல்தான். 19-ம் நூற்றாண்டின் கடைசியில் சென்னைத் துறைமுகம் கட்டினதுக்கு அப்புறம் அகலமானது. அதுக்கான விலையை ராயபுரம், திருவொற்றியூர் பக்கத்துக் கரை கொடுத்தது, வீடுகளோடு. நாம் சுண்டல் சாப்பிடுகிற மணலுக்கு வடக்கே யாரோ காசு கட்டியிருக்கிறார்கள். நார் லாக் நினைவுக்கு வந்தது. ஊருக்குக் கிடைக்கிற ஒவ்வொரு திறந்தவெளிக்கும் பின்னாடி ஏதோ ஒன்றை எடுத்து வேறொன்றாக மாற்றின கணக்கு இருக்கு. யாரைக் கேட்டு மாத்தினாங்க என்பதுதான் கேள்வி.

வெயில் உச்சிக்கு வந்தபோது ஏரிக்கரைச் சேற்றில் இறங்கினோம். செருப்பைக் கையில் எடுத்தாச்சு. உமரி முதலில். குண்டு குண்டான உப்பு இலை, வாயில் போட்டுப் பார்த்தேன், ஊறுகாய் மாதிரி இருக்கு. இல்லாத காலத்தில் இதைக் கீரையாகச் சமைத்துச் சாப்பிட்டிருக்கிறார்கள். அதைத் தாண்டினால் கண்டல். பிச்சாவரம் மாதிரி பெரிய காடு என்று நினைக்காதீங்க. அங்கங்கே திட்டுத்திட்டாக இடுப்புயரம், ஆளுயரம். சேற்றிலிருந்து பென்சில் பென்சிலாக மூச்சுவேர் நீட்டிக்கொண்டு நிற்கும். அந்த வேர்களுக்கு நடுவே தண்ணீர் கணுக்கால் அளவுதான், ஆனால் உற்றுப் பார்த்தால் கண்ணாடித் துண்டு மாதிரி துள்ளுது. இறால் குஞ்சு.

இறாலின் வாழ்க்கை இப்படி: முட்டை கடலில். குஞ்சு முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் வந்து, இந்த வேரடியிலும் சேற்றுப் புல்லிலும் ஒளிந்து வளரும். ஓரளவு பெரிசானதும் மறுபடி முகத்துவாரம் வழியாகக் கடலுக்குத் திரும்பும். முகத்துவாரம் மணல் மூடித் தூர்ந்துபோனால் வரவும் முடியாது, போகவும் முடியாது. எல்லாம் அந்த ஒரு வாசலில் இருக்கு. அதனால் வாசல் பக்கத்தில் எங்கே யார் வலை கட்டுவது என்பதுதான் இந்த ஊரின் மொத்தச் சட்டம். அதுக்குப் பேர் பாடு.

நாங்கள் நின்ற இடத்துக்குக் கொஞ்ச தூரத்தில் இரண்டு பெண்கள் தண்ணீரில் உட்கார்ந்தபடி கையால் சேற்றைத் துழாவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பறிக் கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கையும் சேற்றுக்குள். இருளர் பெண்கள். வலை கிடையாது, படகு கிடையாது, பாடும் கிடையாது.

மதியம் மச்சான் வீட்டில் சாப்பாடு. மடவை மீன் குழம்பு, சேற்று நண்டு வறுவல், இறால் தொக்கு. வாழை இலைக்குப் பக்கத்தில் நண்டு ஓடு ஒரு மலையாகக் குவிந்தது. அம்மா "வெட்கப்படாம சாப்பிடுப்பா, வெள்ளைக்காரன் ஊர்ல இதெல்லாம் எங்க" என்று மேலும் மேலும் போட்டார். அப்பா அதிகம் பேசுகிறவர் இல்லை. பாடு பற்றிக் கேட்டதும் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஏரி எல்லாருக்கும் பொது தம்பி. ஆனா எடம் பொது இல்ல. முகத்துவாரம் பக்கம் நல்ல எடம் கொஞ்சம்தான் கீது. எல்லாரும் ஒரே நாள்ல போய் வலை கட்டுனா இன்னா ஆவும்? சண்டை. அதான் முறை வெச்சுகினோம்."

கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம். இந்தக் குப்பங்களுக்குள் இன்றைக்கு எந்தக் குப்பம் எந்த இடத்தில் என்று முறை. குப்பத்துக்குள் யார் என்பதற்கும் முறை. நல்ல இடம் இன்னைக்கு உனக்கு என்றால் நாளைக்கு அடுத்தவனுக்கு, சுற்றிச் சுற்றி வரும். யாருக்கு உரிமை? கல்யாணமான ஆண், ஊரில் தலைக்கட்டாகப் பேர் பதிந்தவன், ஊர் வரி கட்டுகிறவன். அப்பாவுக்கும் தாத்தாவுக்கும் அவருக்கு அப்பாவுக்கும் இப்படித்தான். ஆராய்ச்சியாளர்கள் வந்து இதைப் பற்றி ஆங்கிலத்தில் புத்தகக் கணக்கில் எழுதியிருக்கிறார்கள். எனக்கு, நெட்வொர்க்கில் டோக்கன் ரிங் படித்தது ஞாபகம் வந்தது. டோக்கன் கையில் இருக்கிறவன்தான் பேசலாம். மோதல் வராது, யாரும் பட்டினி கிடக்கவும் மாட்டான். (மச்சான்: "எங்கப்பா கிட்ட இதைச் சொல்லிடாத.")

நான் ஒரு தோட்டம் தேடிப் போனேன். எனக்குக் கிடைத்த விடை இதுதான்: பழவேற்காட்டின் தோட்டம் இந்த ஏரிதான். பார்த்தால் வேலி தெரியாது, பூச்செடி தெரியாது, ஆனால் எத்தனையோ தலைமுறையாக முறை வைத்துப் பராமரித்த இடம். கோட்டைக்காடு தானாக வளர்ந்தது, இது வளர்த்தது.

உடனே உணர்ச்சிவசப்பட்டு 'ஆஹா ஆதி பொதுவுடைமை' என்று கிளம்பிவிட வேண்டாம். பல்லில் கூடையைக் கடித்துக்கொண்டிருந்த அந்தப் பெண்களை அப்பாவிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அவங்களுக்குப் பாடு இல்ல தம்பி. கையால புடிக்கிறதை யாரும் கேக்க மாட்டோம்" என்றார். பிற சாதிக்காரர்கள், பின்னால் மீன்பிடிக்க வந்தவர்கள், பெண்கள், யாருக்கும் இந்த முறையில் பங்கில்லை. அதனால் சண்டைகளும் நடந்திருக்கு. குவீன் ஸ்ட்ரீட் கேட் மாதிரியேதான். சாவி இருக்கிறவனுக்குத் தோட்டம், மத்தவனுக்குக் கம்பி. மச்சான் அன்றைக்குத் தோசை சாப்பிட்டுக்கொண்டே சொன்னது இதைத்தான்.

ஒரு வித்தியாசம் உண்டு. குவீன் ஸ்ட்ரீட்டில் சாவி வைத்திருக்கிறவர்களுக்கு அது மாலை நேரத்து உலாவல். இங்கே அது சோறு.

இப்ப அந்தப் பஞ்சாயத்து.

மச்சானுக்குக் கல்யாணம் ஆனதும் அவன் பேரைத் தலைக்கட்டில் பதியணும் என்று அப்பா சொல்கிறார். மச்சான் வேண்டாம் என்கிறான். சாப்பிட்டு முடித்துக் கையலம்பும்போது அது மறுபடி ஆரம்பித்தது.

"நான் என்ன வலை கட்டவா போறேன்? சோழிங்கநல்லூர்ல உக்காந்துகிட்டு எனக்கு எதுக்குப்பா பாடு? வரி வேற கட்டணும், கூட்டத்துக்கு வேற வரணும். என் முறை வந்தா யாரு போவா?"

"முறையை யாருக்காவது வுட்டுடு. நீ மீன் புடிக்கணும்னு நான் சொல்லல."

"பின்ன எதுக்கு?"

அப்பா துண்டில் கை துடைத்துக்கொண்டே தெற்குப் பக்கம் தலையைக் காட்டினார். "நாளைக்கு எவனாவது வந்து இந்த ஏரி உங்களுக்கு எதுக்குன்னு கேட்டா, ஊரைக் கூட்டுவாங்க. பேர் இருக்கிறவனைத்தான் கேப்பாங்க. படிச்சவன் எல்லாம் பேரை எடுத்துகினு போயிட்டா, கேக்குறப்போ யார்ரா பதில் சொல்றது? எனக்கு இங்கிலீசு பேப்பர் படிக்கத் தெரியுமா?"

அவர் தலை காட்டிய தெற்குப் பக்கத்தில் அனல்மின் நிலையப் புகைபோக்கிகளும், எண்ணூர் துறைமுகமும், காட்டுப்பள்ளித் துறைமுகமும் இருக்கின்றன. காட்டுப்பள்ளியை 330 ஏக்கரிலிருந்து 6,110 ஏக்கராக விரிவாக்க 2018-ல் ஒரு திட்டம் வந்தது. அதில் ஏறத்தாழ 2,000 ஏக்கர் கடலைத் தூர்த்து எடுப்பது. வேலைவாய்ப்பு வரும், வியாபாரம் பெருகும் என்று திட்டத்தின் பக்கத்தில் சொன்னார்கள். வடக்கே கரை அரிக்கும், முகத்துவாரமும் ஏரியும் போய்விடும் என்று மீனவர்கள் சொன்னார்கள். மேலே மெரினா கணக்கைப் படித்தவர்களுக்கு அந்தப் பயம் எங்கிருந்து வருது என்று புரியும். 2021 ஜனவரி 22-க்கு மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் வைத்து ஒத்திவைத்தார்கள். 2023 செப்டம்பர் 5-க்கு மறுபடி வைத்து, மறுபடி ஒத்திவைத்தார்கள். இரண்டு தடவையும் அப்பா கூட்டத்துக்குப் போக வேட்டி துவைத்து வைத்திருந்ததாக அம்மா சொன்னார்.

கருத்துக்கேட்பு என்கிற வார்த்தையை அதுவரை நான் செய்தித்தாள் வார்த்தையாகத்தான் பார்த்திருந்தேன். நார் லாக்கை வடித்தபோது கருத்துக் கேட்டார்களா தெரியாது, அது நாற்றமெடுத்த செயற்கைக் குட்டை, அழுவதற்கும் ஆள் இருந்திருக்காது. பழவேற்காட்டில் ஆள் இருக்கு. அந்த ஆள் தன் மகனிடம் கேட்பது ஏரியில் பங்கு வாங்கிக்கொள் என்பதைக் கூட இல்லை. கேட்கிற நாளில் பதில் சொல்கிற இடத்தில் நில்லு என்பதைத்தான். சட்டப்படி அரசுக் கூட்டத்தில் யார் வேண்டுமானாலும் பேசலாம், அதுக்குத் தலைக்கட்டு தேவையில்லை, நான்கூடப் பேசலாம் என்று வாதம் பண்ண முடியும். ஆனால் கிராமத்துக்கு வெளியே வாடகை வீட்டில் இருக்கிறவன் பேசுவதற்கும், ஊர் வரி கட்டுகிறவன் பேசுவதற்கும் அந்த மைக்கின் முன்னால் எவ்வளவு வித்தியாசம் என்று அவருக்குத் தெரியும்.

மச்சான் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் காத்திருந்தபோது வேறு ஏதேதோ பேசிக்கொண்டிருந்தான்: ரிலீஸ் தேதி, மண்டப அட்வான்ஸ், போட்டோகிராபர் கேட்கிற ரேட். பஸ் வந்து ஏறி உட்கார்ந்து, பொன்னேரி பாதி தூரம் வந்த பிறகுதான், போனில் அப்பாவைக் கூப்பிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

"தலைக்கட்டு வரி எவ்வளவுப்பா?"

அந்தப் பக்கம் சொன்ன தொகையைக் கேட்டு, "அவ்வளவா!" என்றான். பதியப் போகிறானா என்று நான் கேட்கலை. தையில் தெரியும்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். நவம்பரிலிருந்து மார்ச் வரை போனால் வெயிலும் குறைவு, பூநாரைக்கும் வாய்ப்பு உண்டு. தொப்பியும் தண்ணீரும் கட்டாயம், கடற்கரைப் பக்கம் நிழல் சவுக்குத் தோப்பில் மட்டும்தான். சேற்றில் இறங்கினால் கண்டல் மூச்சுவேரை மிதிக்காமல் நடங்க, அது செடியின் மூக்கு. அடம்பங்கொடியை செல்ஃபிக்காகப் பிடுங்காதீங்க. பனை ஓலைக் கூடை வாங்கும்போது பேரம் வேண்டாமே, ப்ளீஸ். அப்புறம், கார் எடுத்துப் போகிறவர்கள் குப்பத்துப் பக்கம் கரையில் காலி இடம் இருக்கே என்று சட்டென நிறுத்திவிடுவார்கள். அது காலி இடம் இல்லை, வலை காயப்போடுகிற இடம். பக்கத்தில் யாராவது இருப்பாங்க. ஒரு வார்த்தை கேட்டுட்டு நிறுத்துங்க.